கீழே சொட்டுகிறது, மேலே கசிகிறது

கோவையில் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. அம்மா அதன்மேல் ஒரு பிடி கோலமாவைப் போட்டு, ஊறியதும் கூட்டித் தள்ளிவிட்டார். இரண்டே நாளில் அதே இடத்தில் மறுபடியும் வட்டம். பக்கத்தில் இன்னொன்று.

கார், 1998-ல் அப்பா வாங்கிய மாருதி 800. கார்புரேட்டர் வண்டி. அவர் போன பிறகும் விற்க மனம் வரவில்லை. 15 வருடம் முடிந்தபோது ஆர்.சி.யைப் புதுப்பித்தேன், அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வண்டியின் அடியில் ஒரு சொட்டு விழுந்தாலும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

முதலில் போனது நகரத்துக்குள் இருக்கும் பெரிய ஒர்க்‌ஷாப். லிஃப்டில் ஏற்றினார்கள். ஒரு இளைஞர் டார்ச் அடித்து இரண்டு நிமிடம் பார்த்தார். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடம் நனைந்திருந்தது. “பேக் சீல் போயிருச்சுங்க சார். கியர் பாக்ஸை எறக்கோணும். எறக்குறதோட கிளட்ச் பிளேட்டையும் மாத்திட்டா ஒரே வேலையா முடிஞ்சிரும். ஒம்பதாயிரம் வரும்” என்றார். அவர் ஏமாற்றவில்லை. அவர் பார்த்த இடம் உண்மையிலேயே நனைந்துதான் இருந்தது. அங்கே வந்த எண்ணெய் எங்கே புறப்பட்டது என்று மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய காரில் ஆயில் லீக் என்று போகிறவர்களில் பலர் பணத்தை இழப்பது இந்த ஒரு கேள்வியில்தான். எண்ணெய் கீழேதான் விழும். ஆனால் கீழேயே கசிந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இன்ஜினின் உச்சியில் முடி அளவு வழி கிடைத்தால் போதும். அங்கிருந்து ஹெட்டின் ஓரமாக இறங்கி, பிளாக்கின் விளிம்பைப் பிடித்து, ஏதாவது ஒரு போல்ட் தலையில் தேங்கி, கடைசியில் எது தாழ்வான முனையோ அங்கிருந்து சொட்டும். வண்டி ஓடும்போது அடியில் போகும் காற்று அதைப் பின்பக்கமாகத் தள்ளிப் பூசிவிடும். நாலு மாதம் கழித்துப் பார்த்தால், கசியும் இடம் கைக்கெட்டும் உயரத்தில் மேலே இருக்கும். சேறும் எண்ணெயும் குழைந்த கறுப்புப் பசை முழுக்க அடியில் இருக்கும். அடியில் படுத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லா இடமும் லீக்தான்.

பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை, ஒரு பிட், சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பானர்கள். அப்பா காலத்திலிருந்து பழக்கம். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, “பேக் சீல் போயிருச்சுன்னு சொல்றாங்கண்ணா” என்றேன். பானட்டைத் திறந்தவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“மொதல்ல குளிப்பாட்டீரலாந் தம்பி. அழுக்கோட பாத்தா எல்லாமே பொய்தான் சொல்லும்.”

அடுத்த ஒரு மணி நேரம் அவர் ஸ்பானரையே தொடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயும் கார்புரேட்டர் வாயிலும் பாலித்தீன் கவரைச் சுற்றிக் கட்டினார். டீசலில் பிரஷ்ஷைத் தோய்த்து மேலிருந்து கீழாகத் தேய்த்தார். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட், நம் ஊர்ப் பட்டறைகளுக்கெல்லாம் அதுதான் கைத்துணி. அதில் ஒரு பிடி எடுத்து ஒவ்வொரு மூலையாக ஒற்றி எடுத்தார். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு காற்று. இன்ஜின் காய்ந்ததும் ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்து, சந்தேகப்படும் இடங்களிலெல்லாம் முகப்பவுடரை மெல்லத் தூவினார். பெல்ட் பக்கம் மட்டும் தூவவில்லை. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் கோலப்பொடியை எடுத்துவிடக் கூடாது. அது கல்தூள், பேரிங்கிலோ சீலிலோ புகுந்தால் அரைத்துவிடும்.

“ஆனமல ரோட்டுல ஒரு பத்து கிலோமீட்டர் போயிட்டு வாங்க. சூடு ஏறோணும்.”

திரும்பி வந்ததும் ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் சலூன் கடையில் பிடரியைக் காட்டுவார்களே, அது மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி. ஹெட்டின் கியர் பாக்ஸ் பக்கத்து முனையில், டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்துக்கு அடியில் கண்ணாடியைப் பிடித்தார். வெள்ளைப் பவுடரின் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. தேன் வழிந்ததுபோல நேராக இறங்கி, கியர் பாக்ஸ் ஹவுசிங்கின் மேல் விளிம்பில் அகன்று, இரு பக்கமும் பிரிந்து ஓடியிருந்தது. அதற்கு மேலே ஒரு பொட்டு ஈரம் இல்லை. டேப்பட் கவர் ஓரம் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

மாருதி 800-ன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட். அந்த இணைப்பில் எண்ணெய் வெளியே வராமல் காப்பது ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங். கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று இரண்டு பாகத்துக்கும் சேர்த்து ஒரு கீறல் போட்டுக்கொண்டார். அது மாறினால் டைமிங் மாறிவிடும். உள்ளேயிருந்து எடுத்த வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார். வளைத்துப் பார்த்தேன். ரப்பராகவே இல்லை. பழைய வளையல் துண்டுபோல ‘டிக்’கென்று இரண்டாக ஒடிந்தது. வட்டமாக இருந்திருக்க வேண்டிய அதன் குறுக்குவெட்டு, இத்தனை வருடம் ஒரே அழுத்தத்தில் கிடந்து சப்பையாகிவிட்டிருந்தது. புது வளையம் 40 ரூபாய். வேலைக்கூலி 400.

ஒன்பதாயிரம் மிச்சமான கதையாக மட்டும் இதை நான் பார்க்கவில்லை. கியர் பாக்ஸை இறக்கி, பின் சீலைப் புதிதாகப் போட்டு ஏற்றியிருந்தாலும் போர்டிகோவில் அந்த வட்டம் மறுபடி விழுந்திருக்கும். அப்போது ‘இன்ஜினே போச்சு, வண்டியைத் தள்ளிவிடுங்கள்’ என்ற பேச்சு வந்திருக்கும். நல்ல வண்டிகள் பல பழைய இரும்புக்குப் போவது இப்படித்தான்.

முதலில், விழுவது இன்ஜின் ஆயில்தானா?

காருக்கு அடியில் விழுகிற எல்லாமே இன்ஜின் ஆயில் அல்ல. ராத்திரி அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து, நான்கு டயர் நின்ற இடத்தையும் அதில் குறித்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழுப்பிலிருந்து கறுப்பு வரை நிறத்தோடு, விரலில் வழுக்கினால் இன்ஜின் ஆயில். அதைவிடக் கெட்டியாக, கந்தக வாடையோடு மூக்கைச் சுளிக்க வைத்தால் கியர் ஆயில். பச்சையோ சிவப்போ நிறத்தில் லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். நாய் பூனை நக்கிவிடாமல் உடனே கழுவ வேண்டும், அது விஷம். டயரின் உள்பக்கத்தில் தண்ணீர்போல் இளகி, வழவழவென்று ஒன்று வடிந்தால் பிரேக் ஃப்ளூயிட். அந்த வண்டியை அங்கிருந்து ஓட்டவே கூடாது. ஏ.சி. தண்ணீரை லீக் என்று பயந்து வருகிறவர்களும் உண்டு.

இன்ஜின் ஆயில்தான் என்று தெரிந்தபின் தேடுதல் எப்போதும் மேலிருந்து தொடங்க வேண்டும். நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில், எது மிக முன்னால் இருக்கிறதோ, அதற்கு அருகில்தான் வாய் இருக்கும். டேப்பட் கவர் பேக்கிங்தான் முதல் சந்தேகம். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அதுவே குற்றவாளி. அடுத்து ஆயில் ஊற்றும் மூடியின் வாஷர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச். இந்த சுவிட்சை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். ஆனால் டேப்பட் கவருக்குள் எண்ணெய் தெறிக்க மட்டும் செய்கிறது. இந்த சுவிட்சுக்குப் பின்னாலோ பம்ப்பின் முழு அழுத்தத்தோடு நிற்கிறது. உள்ளே விரிசல் விட்டால் வண்டி நிற்கும்போது ஒரு சொட்டுகூட வராது, ஓடும்போது பீய்ச்சும். அதன் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். சாக்கெட்டுக்குள் எண்ணெய் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

அதற்கும் கீழே ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புது ஃபில்டரை மாட்டிவிட்டால் இரண்டு வளையமும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, நெடுஞ்சாலையில் மொத்த ஆயிலும் வெளியே போய்விடும். சர்வீஸ் செய்துவந்த மறுநாளே லீக் என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதையும், டிரெய்ன் போல்ட்டின் வாஷரையும்தான். டைமிங் பெல்ட் கவருக்கு அடியிலிருந்து வடிந்தால் கேம் சீல் அல்லது கிராங்கின் முன் சீல். இதைத் தள்ளிப்போடவே கூடாது. எண்ணெயில் ஊறிய பெல்ட்டின் ரப்பர் உப்பி, பல் உதிர்ந்து, ஓட்டத்திலேயே அறுந்துவிடும். ஆயில் சேம்பரும் பின் சீலும் வரிசையில் கடைசி.

இப்போது சில ஒர்க்‌ஷாப்களில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து, கொஞ்சம் ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கை அடித்துப் பார்க்கிறார்கள். கசியும் இடம் மட்டும் பச்சை மஞ்சளாக மின்னும். எட்டாத மூலைகளுக்கு நல்ல வழி. ஆனால் அதற்கும் முன்னால் கழுவித்தான் ஆக வேண்டும்.

மூச்சு முட்டும் இன்ஜின்

சீல் ஏன் போகிறது? வயது ஒரு காரணம். நைட்ரைல் ரப்பர் மலிவானது, எண்ணெயைத் தாங்கும். ஆனால் 100 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வெந்தால் இறுகிக்கொண்டே போகும். சித்திரை வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டியில் ஆயில் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். கடையில் வாங்கும்போது விட்டான் ரப்பரில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விலை கூட, ஆனால் 200 டிகிரி வரை தாங்கும்.

வயதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் பேக்கிங்கை மட்டும் மாற்றிக் கொடுக்கும் பட்டறைகள் ஏராளம். பிஸ்டனுக்கு மேலே எரியும் வாயுவில் கொஞ்சம், ரிங்கைத் தாண்டிக் கீழே சேம்பருக்குள் போய்க்கொண்டே இருக்கும். பட்டறை மொழியில் பேக் கம்ப்ரஷன். புது இன்ஜினிலும் இது உண்டு. அது வெளியேறுவதற்குத்தான் டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பக்கம் ஒரு பிரீதர் ஓஸ் போகிறது. வருடக்கணக்கில் கரி படிந்து அந்த ஓஸ் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். வழி இல்லாத காற்று, எந்த சீல் இளைத்திருக்கிறதோ அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், எண்ணெயையும் கூட்டிக்கொண்டு. முன் சீலை மாற்றினால் அடுத்த மாதம் டேப்பட் கவர் கசியும். அதை மாற்றினால் ஆயில் ஸ்டிக் குழாய் வழியாக வரும். ஒரே வண்டியில் மூன்று நான்கு இடத்தில் ஒரே சமயம் ஈரம் தெரிந்தால் சீலை நினைக்கும் முன் பிரீதரை நினைக்க வேண்டும்.

பார்ப்பது எளிது. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு மெல்லிய பாலித்தீன் தாளை வையுங்கள். தாள் உள்நோக்கி இழுபட்டாலோ, சும்மா படபடத்துக் கிடந்தாலோ பயமில்லை. தூக்கி எறிந்தால் மூச்சு முட்டுகிறது. ஓஸைக் கழற்றி டீசலில் கழுவி, ஊதிப் பார்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்படியும் புகையோடு தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அது வேறு கணக்கு, வேறு செலவு.

அம்பாசிடர் ஓட்டியவர்கள், ‘ஒழுகாத அம்பாசிடரே கிடையாது’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு வடிவமைப்புக் காரணம் இருக்கிறது. அந்தக் காரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பத்தில் பிறந்தது. அந்தக் குடும்பத்தின் பழைய இன்ஜின்களில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் உதடு வைத்த சீல் கிடையாது. கிராங்கிலேயே திருகு மரைபோல வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பிவிடும். சுற்றாமல் நிற்கும்போது திருப்பி அனுப்ப ஆள் இல்லை. இரண்டு சொட்டு விழத்தான் செய்யும். பேரிங் தேய்ந்து, பிரீதரும் அடைத்துக்கொண்டால் இரண்டு சொட்டு இருபதாகும். அந்த வண்டியை ஒரு துளி ஈரமில்லாமல் வைக்கிறேன் என்று இன்ஜினைத் திரும்பத் திரும்ப இறக்குவது வீண். பிரீதரைச் சுத்தமாக வைத்தாலே பாதி அடங்கும்.

பேஸ்ட் செய்யும் கொலை

கசிவைக் கண்டுபிடித்தபின் சரிசெய்வது பெரும்பாலும் சின்ன வேலை. அதில்தான் பெரிய தப்புகள் நடக்கின்றன.

டேப்பட் கவர் கசிகிறது என்றதும் பலர் செய்வது போல்ட்டை இன்னும் ஒரு திருகு இறுக்குவது. சிறிய கார்களில் அந்த போல்ட்டுக்குத் தர வேண்டிய இறுக்கம் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவுதான், பலவற்றில் அதற்கும் கீழே. நீளமான ஸ்பானரைப் போட்டு இழுத்தால் தகரக் கவர் போல்ட் இருக்கும் இடத்தில் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே மேலே எழும்பிவிடும். பேக்கிங் நசுங்கிப் பிதுங்கும். லீக் கூடுமே தவிர நிற்காது. பொள்ளாச்சி அண்ணன் கழற்றிய கவரை ஒரு கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால், குழிந்த இடத்தைத் தட்டையான இரும்புக் கட்டையில் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டி நேராக்குவார். அதன்பிறகுதான் புது பேக்கிங்.

இன்னொன்று சிலிக்கான் பேஸ்ட். பட்டறைகளில் பலர் அனபாண்ட் என்றே கேட்டு வாங்குவார்கள். நம் சென்னைக் கம்பெனியின் பெயர் அது. நல்ல சரக்கு. சேம்பர் போன்ற இடங்களுக்கு அது தேவை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் அது ஒட்டாது. பூசி, மூடி, உடனே ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்தால் இறுக நேரம் கிடைக்காது. முழுசாக இறுக ஒரு நாள் வேண்டும். எல்லாவற்றையும்விட ஆபத்து, ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று அப்புவது. வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். பொள்ளாச்சிக் கொட்டகையில் ஒருமுறை இன்னொருவருடைய வண்டியின் சேம்பரைக் கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். அந்த வலையில் சிவப்பு நிறத்தில் மண்புழுக்கள்போல நாலைந்து சிலிக்கான் துண்டுகள் ஒட்டிக்கிடந்தன. யாரோ லீக்கை அடைக்கப் பூசிய பேஸ்ட், உள்ளே உதிர்ந்து, ஆயிலின் தொண்டையையே அடைத்துவிட்டது. பேரிங் பிடித்து அந்த இன்ஜின் முடிந்துபோயிருந்தது. சொட்டிக்கொண்டே விட்டிருந்தாலும், ஆயிலை ஊற்றி ஊற்றி அந்த மனிதர் இன்னும் சில வருடம் ஓட்டியிருப்பார். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சீலை அடைக்கும் திரவங்களும் கடையில் கிடைக்கின்றன. இறுகிய ரப்பரைக் கொஞ்சம் இளக்கி உப்பவைக்கும் சங்கதி அது. லேசாக வேர்க்கும் சீலுக்குச் சில மாதம் பலன் தரலாம். கிழிந்த பேக்கிங்கையும் ஒடிந்த ஓ-ரிங்கையும் எந்தத் திரவமும் ஒட்டவைக்காது.

எப்போது பதற வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர். ராத்திரி முழுக்க 10 சொட்டு விழுந்தால் அரை மில்லிதான். தரையில் பரவும்போது பயமுறுத்துகிறதே தவிர இன்ஜினுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஓடும்போது 20 மீட்டருக்கு ஒரு சொட்டு என்றால் 400 கிலோமீட்டரில் ஒரு லிட்டர் போய்விடும். ஆயில் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே இருப்பது பல கார்களில் ஏறக்குறைய அந்த ஒரு லிட்டர்தான். சென்னையில் மேல் கோட்டில் கிளம்பிய வண்டி மதுரை எல்லையைத் தொடும் முன்பே கீழ் கோட்டுக்கு வந்திருக்கும். போர்டிகோவில் விழுகிற வட்டத்தைவிட ஸ்டிக் காட்டும் கோட்டை நம்புங்கள்.

அளவு சின்னதானாலும் பொறுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். வண்டி நின்றிருக்கும்போது ஏ.சி. காற்றில் தீய்ந்த எண்ணெய் வாடை வந்தாலோ, பானட் ஓரத்தில் மெல்லிய நீலப்புகை எழுந்தாலோ சூடான இரும்பில் எண்ணெய் விழுகிறது. ஆயில் தீப்பிடிக்கக்கூடிய சூட்டை அந்த இரும்பு எட்டக்கூடும். அதை அடுத்த சர்வீஸ் வரை தள்ளாதீர்கள். அதேபோல் ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிடுங்கள், ‘பக்கத்தில்தானே பட்டறை’ என்று போகாதீர்கள்.

வீட்டில் தாமே பார்க்க நினைப்பவர்களிடம் ஒரே ஒரு கெஞ்சல். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக் கொடுத்தோ வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக் சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் இல்லையென்றால் பிட் இருக்கும் பட்டறைக்குப் போங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்ற வேண்டாம். 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. கேனில் பிடித்துவைத்து, முறையாகச் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம்.

உண்மையிலேயே பின் சீல் போகும் வண்டிகளும் உண்டு. மேலே எல்லாம் காய்ந்திருக்க, ஹவுசிங்கின் அடியிலிருந்து மட்டும் சொட்டி, கிளட்சும் வழுக்கத் தொடங்கினால் இறக்கித்தான் ஆக வேண்டும். அப்போது கிராங்கில் பழைய சீல் உரசிய இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீலை ஓர் இழை தள்ளிப் பொருத்துவார்கள், அதன் உதடு தேயாத இடத்தில் உட்காரும்படி. அதை விட்டுவிட்டால் புது சீலும் ஆறு மாதத்தில் வடியும்.

மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. 1983 டிசம்பரில் முதல் காரை டெல்லியில் கொடுத்ததிலிருந்து 30 வருடம். இன்னும் அதன் ஓ-ரிங்கும் பேக்கிங்கும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும், நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் கேட்டதும் எடுத்துத் தருகிறார்கள். அது இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை.

போன மாதம் போர்டிகோவில் மறுபடி ஒரு பொட்டு. வண்டியைக் கழுவி, பவுடர் தூவி, நானே பார்த்தேன். கிராங்கின் முன் சீல், லேசாக வேர்க்கத் தொடங்கியிருக்கிறது. பெல்ட் இன்னும் நனையவில்லை. பொள்ளாச்சிக்குப் போன் செய்தேன். “பெல்ட் மாத்தி எத்தன கிலோமீட்டர் ஆச்சு தம்பி?” என்று கேட்டார். நோட்டைப் பார்த்துச் சொன்னேன். “அப்ப எப்படியும் மாத்தோணும். ஞாயித்துக்கெழம கொண்டாந்துருங்க, ரெண்டையும் ஒண்ணாப் பாத்தர்லாம். வர்ற வழில கேம் சீலும் ஒண்ணு வாங்கிக்கங்க.”